காலி நாற்காலி கண்ணில் படக்கூடாது

நேயர்களுக்கு வணக்கம். சினிமாவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நடிகரையோ இயக்குநரையோ பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று, கால்ஷீட் டைரியோடு ஓரமாக உட்கார்ந்திருப்பாரே, அந்த மேனேஜரைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஓர் அமெரிக்கர், ஜெர்ரி வைன்ட்ராப். பாடகர்களுக்கு மேனேஜராக இருந்து படத் தயாரிப்பாளர் ஆனவர்.

1937-இல் புரூக்ளினில் பிறந்தார், பிராங்ஸில் வளர்ந்தார். அப்பா நகைக்கல் வியாபாரி. கல்லைக் காட்டுவதற்கு முன்னால் கல்லைப் பற்றிய கதையைச் சொல்ல வேண்டும் என்பதைப் பையன் வீட்டிலேயே பார்த்துக் கற்றுக்கொண்டான். நடிகர்களுக்கும் பாடகர்களுக்கும் வாய்ப்புப் பேசிக்கொடுக்கும் வில்லியம் மோரிஸ் ஏஜென்சியில் தபால் அறையில் வேலை. ஹாலிவுட்டின் பெரிய ஏஜென்ட்டுகள் பலர் ஏறிவந்த முதல் படி அது. அடுத்து எம்.சி.ஏ.

இந்த எம்.சி.ஏ. பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடிகர்களுக்காகச் சம்பளம் பேசும் ஏஜென்சி அது. அதே கம்பெனி தொலைக்காட்சித் தொடர்களையும் தயாரித்தது. அதாவது கூலி கேட்கிறவரும் கூலி கொடுக்கிறவரும் ஒரே ஆள்! 1962-இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்டதும் எம்.சி.ஏ. தன் ஏஜென்சியை இழுத்து மூடியது. ஆனால் மேனேஜர் கதை வேறு. ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் வேண்டும், கமிஷன் வழக்கமாக 10 சதவீதம். மேனேஜருக்கு லைசென்ஸ் வேண்டாம், பெரும்பாலும் 15 சதவீதம்கூட வாங்கலாம், படமும் எடுக்கலாம். வைன்ட்ராப் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

அதற்கு முன்னால் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வருகிறார். எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர். வைன்ட்ராப் அவருக்குத் தினமும் போன் செய்தாராம், ஒரு வருடம். தினமும் 'முடியாது'தான். ஒருநாள், பத்து லட்சம் டாலரோடு லாஸ் வேகாஸுக்கு வந்தால் பேசலாம் என்றாராம் கர்னல். கையிலோ கடன்தான். கடைசியில் பணம் கொடுத்தவர் சியாட்டிலில் வானொலி நிலையங்கள் வைத்திருந்த ஓர் எல்விஸ் ரசிகர். (வானொலிக்காரரிடம் அவ்வளவு பணம் இருந்த காலம், இங்கே உட்கார்ந்து சொல்லும்போது கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.)

1970-இல் எல்விஸின் கச்சேரிப் பயணம் தொடங்கியது. மயாமி பீச்சில் மாலைக் காட்சி முழுவதும் விற்றுவிட்டது, மதியக் காட்சியில் பாதி அரங்கம் காலி. காலி நாற்காலிகளுக்கு முன்னால் எல்விஸைப் பாடவைக்க மாட்டேன் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறார். என்ன செய்தார்? உள்ளூர் சிறையிலிருந்து கைதிகளை வரவழைத்து, விற்காத நாற்காலிகளைக் கழற்றி வெளியே அடுக்கினாராம். மாலைக் காட்சிக்குத் திரும்பவும் மாட்டினார்களாம். 'செய்தாராம்', 'என்றாராம்' என்று நான் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். எல்லாம் அவரே சொன்ன கதைகள். நகைக்கல் வியாபாரியின் மகன், பட்டை தீட்டாமல் கல்லை வெளியே எடுக்க மாட்டார். ஆனால் 1972 ஜூனில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எல்விஸின் நான்கு காட்சிகளும் நிரம்பி வழிந்ததற்கு ஊரே சாட்சி. 1974-இல் அதே அரங்கில் குத்துச்சண்டை மேடை போல ஒன்றை அமைத்து, அதில் ஃபிராங்க் சினாட்ராவை ஏற்றித் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினார். பாடகர் அதே பாடகர்தான், மேடை மட்டும் புதிது.

படத் தயாரிப்பிலும் இந்தக் கைதான் வேலை செய்தது. அவர் வளர்த்த பாடகர் ஜான் டென்வர். 1977-இல் 'ஓ, காட்!' என்ற படத்தை எடுத்தபோது ஜார்ஜ் பர்ன்ஸ் கடவுளாக நடிக்க, எதிரே நாயகன் யார்? ஜான் டென்வர். மேனேஜரும் தயாரிப்பாளரும் ஒரே ஆள். படம் நன்றாக ஓடியது, அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஓடாமல் இருந்திருந்தால் டென்வர் போய் நியாயம் கேட்க வேண்டிய ஆளும் அவரேதான், அல்லவா? எனக்கு இது உறுத்துகிறது. எண்பதுகளில் இருவரும் கசப்போடு பிரிந்தார்கள்.

அவர் கணிப்பு எப்போதும் பலித்துவிடவில்லை. 1984-இல் வந்த 'தி கராத்தே கிட்' படத்தில் குரு வேடத்துக்கு பாட் மொரிட்டாவை முதலில் வேண்டாம் என்றார். சிரிப்பு நடிகரை யார் குருவாக ஏற்பார்கள் என்பது அவர் வாதம். நடித்துக் காட்டியதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். அந்த வேடத்துக்கு மொரிட்டாவின் பெயர் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் வந்தது. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற படக் கம்பெனியின் தலைமைப் பதவியில் சில மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. 1987-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார், அது 1990-இல் திவாலானது.

பிறகு பதினோரு வருடம் கழித்து 2001-இல் 'ஓஷன்ஸ் லெவன்'. ஜார்ஜ் குளூனி, பிராட் பிட், ஜூலியா ராபர்ட்ஸ் எல்லோரும் வழக்கமான சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஒரே படத்தில். மற்றவர் சம்பளத்தை ஏற்றிப் பேசியே பிழைத்த மனிதர் எடுத்த படத்தில் இப்படி! அதன் மூலப்படம் 1960-இல் வந்தது. அதில் நாயகன் சினாட்ரா.

அந்த வரிசையின் மூன்றாவது படம் 2007-இல் வந்தது. அதில் பழைய லாஸ் வேகாஸ் ஆட்களுக்குள் ஓர் எழுதப்படாத சட்டம் உண்டு: சினாட்ராவின் கையைக் குலுக்கியவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றக்கூடாது. வசனம் வேறு யாரோ எழுதியது. ஆனால் அந்தப் படத்தின் தயாரிப்பாளர் உண்மையிலேயே அந்தக் கையைக் குலுக்கியவர்.