கறுப்பு கார், போர் தண்ணீர்

[காட்சி: கறுப்பு காரின் பானெட். சாய்வாக விழும் வெயிலில் நூற்றுக்கணக்கான வெள்ளை வளையங்கள் தெரிகின்றன.]

இந்த பானெட்டை நேற்றுதான் கழுவினேன். ஷாம்பு போட்டு, நான்கு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, துடைக்காமல் போன் பேசப் போய்விட்டேன். மே மாத வெயில். திரும்பி வந்து பார்த்தால் காருக்கு அம்மை போட்டதுபோல இருந்தது.

இந்தப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்துத்தான் பலரும் தேய்க்கிறோம். முதல் கார் வாங்கிய புதிதில் நானும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துத் தேய்த்தேன். புள்ளி போகவில்லை, பெயின்ட் முழுக்கக் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

[காட்சி: வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பி. அதன் மேல் தடித்த வெள்ளைப் படிவு.]

இந்தக் கம்பியைப் பாருங்கள். காரில் இருப்பதும் இதே சரக்குதான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக்கொண்டு, பாறையிலிருக்கும் கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் காரின் மேல் காயும்போது வாயு பறந்துவிடும், கால்சியம் கார்பனேட் ஒட்டிக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால் சுண்ணாம்புக்கல். ஒரு துளி காயும்போது அதன் ஓரத்தில்தான் உப்பு அதிகம் சேரும். அதனால்தான் புள்ளியாக இல்லாமல் வளையமாகத் தெரிகிறது.

[காட்சி: டம்ளர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர். எண் 1,100.]

இது எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீர். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்பதைத்தான் இந்த டிடிஎஸ் மீட்டர் காட்டுகிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை போகலாம். 1,100 என்றால், ஒரு லிட்டர் தண்ணீர் காரின் மேலேயே காய்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு மிஞ்சும்.

இங்கே ஒரு விஷயம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பக்கெட்டில் பிடித்துக் கார் கழுவுகிறவர்கள் நிறைய பேர். நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் வடிகட்டிய உப்பு அத்தனையும் அந்த பக்கெட்டில்தான் இருக்கிறது. அதை வீட்டுத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படி எடுப்பது? கல்லை அமிலம் கரைக்கும். வீட்டில் இருக்கும் வெள்ளை வினிகர் போதும். அது அசெட்டிக் அமிலம். அதோடு சம அளவு உப்பில்லாத தண்ணீர் கலக்கவும். இன்வெர்ட்டருக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்த பேட்டரி வாட்டர் நல்லது. பேட்டரி ஆசிட் அல்ல, கேனில் எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்துவிட்டு வாங்குங்கள்.

[காட்சி: நிழலில் நிற்கும் கார். நனைத்த மைக்ரோஃபைபர் துணி பானெட்டின் மேல் விரிகிறது.]

காரை நிழலில் நிறுத்தி, பானெட் கையில் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி மணலையும் தூசியையும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் துணியை வினிகர் கலவையில் நனைத்துப் புள்ளிகளின் மேல் விரித்து, ஒரு நிமிடம் சும்மா விட்டுவிடுங்கள். வேலையைச் செய்வது அமிலம்தான், உங்கள் கை அல்ல. கலவை காய்வதற்குள் அழுத்தாமல் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கவும். போகாவிட்டால் இன்னொரு முறை. ஓரத்தில் சின்ன இடத்தில் சோதித்துவிட்டுத்தான் முழு காருக்கும் போக வேண்டும். வினிகர் பழைய வாக்ஸையும் கொண்டுபோய்விடும், கடைசியில் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் நொடியில் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான், கூடவே குரோம் பட்டையின் பளபளப்பும் போகும். புள்ளி எடுக்கக் கடையில் விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கலாம். தோலில் பட்டால் உடனே எரியாது, தாமதமாக உள்ளே வேலையைக் காட்டும். லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

[காட்சி: அடித்தள பார்க்கிங். கூரை விரிசலிலிருந்து சொட்டும் நீர், கீழே காரின் கூரையில் வெள்ளைக் கோடு.]

போர் தண்ணீரைவிட மோசமானது இது. கான்கிரீட் வழியாகக் கசிகிற நீர் சிமென்டிலிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு சொட்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பேதான். அதிகம் தடவினால் வாய் வெந்துபோகுமே, அதேபோல பெயின்ட்டையும் அரிக்கும். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு இறுகுவதுபோல இதுவும் காற்றுப்பட்டுக் கல்லாகிவிடும். சொட்டியதைப் பார்த்த அன்றே கழுவினால் தப்பலாம். ஒரு மாதம் விட்டால் வினிகர் கல்லைக் கரைக்கும், அதன் அடியில் விழுந்த பள்ளத்தை ஒன்றும் செய்யாது.

பள்ளமா மேடா என்று தெரிய, சுத்தமான விரலால் தடவிப் பாருங்கள். மேடு என்றால் உப்பு மிச்சமிருக்கிறது. தடவினால் வழுவழுப்பு, கண்ணுக்கு மட்டும் வளையம் என்றால் க்ளியர் கோட், அதாவது பெயின்ட்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சு, அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு பாலிஷ்தான் வழி. க்ளியர் கோட்டின் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான், ஒரு தலைமுடியைவிட மெலிது. பாலிஷ் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சத்தைச் சீவுகிறது. அதனால் லேசான பாலிஷில் தொடங்குங்கள். ஆழமான ஒன்றிரண்டு வளையங்களை நான் அப்படியே விட்டுவிடுவேன்.

முன் கண்ணாடியில் வினிகருக்கும் மசியாத புள்ளி இருந்தால் அதில் மணலில் இருக்கும் சிலிக்கா கலந்திருக்கலாம். சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி பாலிஷ் கேட்டு வாங்குங்கள்.

[காட்சி: பால்கனி. ஏசி குழாயிலிருந்து பக்கெட்டில் சொட்டுகிறது. டிடிஎஸ் மீட்டர் எண் 18.]

ஏசி சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. இரவு முழுக்க ஓடினால் காலையில் ஒரு பக்கெட் சேர்ந்துவிடுகிறது. இப்போதெல்லாம் போர் தண்ணீரில் கழுவிவிட்டுக் கடைசி அலசலை மட்டும் இதில் முடிக்கிறேன், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு.