காசு என்னும் ஈரெழுத்துச் சொல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னர் அரியதோர் உரையாற்றி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, இந்த மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்துதவிய புரவலர் அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ‘காசு’ என்னும் சொல்லின் பொருள், அது கடல் கடந்த கதை, அதன் வேர் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள்.

குறுந்தொகையின் 67ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழம், புதுநூல் கோப்பவரின் கூரிய நகங்களுக்கிடையே மின்னும் பொற்காசு போலிருக்கிறது என்கிறார் அள்ளூர் நன்முல்லையார். அங்கே காசு என்பது அணிகலனில் கோக்கும் காசு, கடையில் கொடுப்பதன்று. குற்றம் என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. வெண்பாவின் கடைசிச் சீர் எந்த ஓசையமைப்பில் முடிய வேண்டும் என்று காட்டும் வாய்பாடுகளாகிய நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றிலும் இது இருக்கிறது. ‘காய்கவர்ந் தற்று’ என்னும் குறளின் முடிவு காசு என்னும் வாய்பாடுதான்.

நம் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் இதைக் ‘கைஷா’ என்றனர். அவர்கள் வாய்வழி ஆங்கிலேயரிடம் ‘கேஷ்’ ஆகி, நடுவே சதுரத் துளையுள்ள சீனச் செப்புக்காசுக்கும் அதுவே பெயராயிற்று. ஆனால் ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கேஷ்’ வேறு. அது பெட்டி என்று பொருள்படும் லத்தீன் ‘காப்சா’வின் வழிவந்தது. அதையும் நமதென்று மேடைதோறும் முழங்குவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. அகராதியைப் புரட்டாமலே சொல்லாராய்ச்சி செய்ய விரும்புவது, ‘காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றாய்ப் பறக்கவும் வேண்டும்’ என்ற பழமொழியைத்தான் நினைவூட்டுகிறது.

நாகர்கோவிலில் என் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில், களிப்பாக்குத் துணுக்குகளுக்கு அடியில், விரல் நகத்தளவு செப்புக்காசு ஒன்று கிடந்தது. சுண்ணாம்பு படிந்த அதைப் புளி தேய்த்துத் துலக்கி என் உள்ளங்கையில் வைத்து, “மக்களே, ஒரு ரூவாய்க்கு எத்தன காசு, சொல்லு” என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகிய நான் “நூறு” என்றேன். பாட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூவா, நானூத்தி நாப்பத்தெட்டுல்லா!” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அது திருவிதாங்கூர்க் கணக்கு. அன்று மாலையே அச்சொல்லைத் தேடி நூலகத்துக்கு ஓடினேன். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியின் ஆறு தொகுதிகளில் அங்கிருந்தவை மூன்றே. காசு உள்ள தொகுதி இல்லை.

சொல்லின் வேரைப் பற்றியும், அதை ஓர் எடையின் பெயராகிய வடமொழிக் ‘கர்ஷ’த்தோடு இணைப்பவர்களின் வாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதற்கும் அகராதிகள் மேசைமேல் இருக்க வேண்டுமல்லவா? வட்டந்தோறும் உள்ள நூலகத்தில் ஒரு முழுப் பேரகராதி இருக்க வேண்டும் என்று நான் நெடுநாளாகக் கேட்டு வருகிறேன். நூல் வாங்கப் பணம் ஒதுக்காமல் பிள்ளைகளின் தமிழ் வளர வேண்டும் என்றால், காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றாய்ப் பறக்கவும் வேண்டும் என்பதாகிவிடும். தலைவர் அவர்கள் இசைவு தந்தால், வாயிலருகே வைத்திருக்கும் விண்ணப்பத்தில் முதற்கையொப்பம் அவர்களுடையதாக இருக்கட்டும். வணக்கம்.