முதல் மாதம் எழுத மட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாணவர்களுக்கு மாத பட்ஜெட் போடக் கற்றுக் கொடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். சில வருடங்களாக வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த தவறைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதல் நாளே கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, 'இந்த மாதம் எதற்கு எவ்வளவு செலவு செய்வீர்கள், எழுதுங்கள்' என்பேன். எல்லோரும் அழகாக எழுதித் தருவார்கள். பத்தாம் தேதிக்குள் அந்தத் தாளுக்கும் அவர்கள் செலவுக்கும் சம்பந்தமே இருக்காது. பணம் எங்கே போகிறது என்று தெரியாதவரிடம், அது எங்கே போக வேண்டும் என்று கேட்டால் ஆசையைத்தான் எழுதுவார்.

அதனால் இப்போது முதல் மாதம் பட்ஜெட்டே கிடையாது. எழுதுவது மட்டும்தான். என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம், அன்றன்றைக்கே ஒரு வரி. நோட்டில் எழுதினாலும் சரி, போனில் எழுதினாலும் சரி. எதையும் குறைக்கச் சொல்வதில்லை. திட்டு விழும் என்று தெரிந்தால் மறைக்கத்தான் தோன்றும். ரொக்கமாகக் கொடுத்தது மனதில் நிற்கும்; போனில் தட்டிக் கட்டியது நிற்காது. ஆகவே வாரம் ஒருமுறை வங்கிக் கணக்கைத் திறந்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்கிறேன். மாதாமாதம் தானாகவே கழிந்துகொண்டிருக்கும் சந்தாக்கள் பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் படும்.

இது புதிய யோசனை அல்ல. ஜப்பானில் 1904-ஆம் ஆண்டிலேயே ஹனி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் வீட்டுக் கணக்கு எழுதுவதற்கென்றே ஓர் ஏட்டை வெளியிட்டார். அங்கே அத்தகைய கணக்கு ஏட்டை ககேபோ என்பார்கள்.

ஆசிரியர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாணவரின் சொந்தக் கணக்கை வாங்கிப் பார்க்காதீர்கள், வகுப்பில் வாசிக்கச் சொல்லவும் வேண்டாம். ஒரே பெஞ்சில் கைச்செலவுக்குத் தாராளமாகக் கிடைக்கிறவரும் இருப்பார், பகுதி நேர வேலை பார்த்து வீட்டுக்கே பணம் கொடுக்கிறவரும் இருப்பார். அந்தப் பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிட்டு என்ன கணக்குச் சொல்லித் தரப் போகிறோம்? வகுப்புப் பயிற்சிக்குக் கற்பனையாக ஒரு மாணவரை வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வரவு, வாடகை, பயணச் செலவு எல்லாவற்றையும் கரும்பலகையில் போட்டு, எல்லோரும் சேர்ந்து விவாதிக்கலாம். சொந்த நோட்டு அவரவரிடமே இருக்கட்டும்.

சரி, மாதம் முடிந்தது. அப்புறம்தான் பட்ஜெட். முதலில் வரவு. மாதத்துக்கு மாதம் வருமானம் மாறுகிறவர்கள், கடந்த சில மாதங்களில் எது மிகக் குறைவோ அதை வைத்துத் திட்டமிடுவது நல்லது. செலவில், மாறாமல் வருவது ஒரு பக்கம், கூடிக் குறைவது ஒரு பக்கம். இதுவரை யாருக்கும் சிரமம் இருப்பதில்லை.

சிக்கல் மாதத்துக்குள் அடங்காத செலவுகளில் வருகிறது. பருவக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், போன் பழுது. எழுதி வைத்த அந்த ஒரு மாதத்தில் இவை வந்திருக்காது. அதனால் பட்ஜெட்டிலும் இடம் பெறாது. அவை வந்து சேரும் மாதத்தில் திடீர்ச் செலவு என்று கடன் வாங்குவார்கள். தேர்வுக் கட்டணம் என்றைக்கு என்பது முன்பே தெரிந்த தேதி, அதில் திடீர் என்ன இருக்கிறது? ஆறு மாதத்தில் கட்ட வேண்டிய தொகையை ஆறால் வகுத்து, அந்தப் பங்கை இந்த மாதச் செலவாகவே எழுதி எடுத்து வைக்க வேண்டும். நான் சொல்லித் தருவதில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இன்னொரு கணக்குப் பிழையும் உண்டு. வாரத்துக்கு 100 செலவானால் மாதத்துக்கு 400 என்று போடுவார்கள். வருடத்தில் 52 வாரங்கள். மொத்தம் 5,200, அதைப் 12-ஆல் வகுத்தால் 433-க்கு மேல் வருகிறது. நான்கால் பெருக்குகிறவருக்கு வருடத்தில் நான்கு வாரச் செலவு கணக்கிலேயே இல்லை. மாதக் கடைசியில் இடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

50-30-20 விதியைப் பற்றிக் கேட்பார்கள். அமெரிக்காவில் அப்போது சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் ஒரு புத்தகம் வழியாகப் பரவலாக்கியது. வரி போகக் கைக்கு வருவதில் பாதி அத்தியாவசியத்துக்கு, 30 விழுக்காடு விருப்பத்துக்கு, 20 விழுக்காடு சேமிப்புக்கும் கடன் அடைக்கவும். சம்பளக்காரருக்கு நல்ல அளவுகோல். வாடகையும் கட்டணமுமே முக்கால்வாசியை எடுத்துக்கொள்ளும் மாணவரிடம் இதைக் காட்டினால் மனம்தான் ஒடியும். அவர் 2 விழுக்காடு சேமிக்கட்டும், ஆனால் பணம் வந்த அன்றே எடுத்து வைக்கட்டும்.

இரண்டாம் மாதக் கடைசியில் திட்டமிட்டதையும் செலவானதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். அநேகமாக எதுவும் பொருந்தாது. 'எனக்கு இது வராது' என்று நோட்டை மூடுகிறவர்கள் அப்போதுதான் மூடுவார்கள், அதனால் அந்த வாரம் வேறு பாடம் எடுப்பதில்லை. மூன்று மாதமாக ஒரே வகைச் செலவு திட்டத்தை மீறினால், அங்கே எழுதிய தொகைதான் தவறு. அதை உயர்த்த வேண்டும். எந்த வகைச் செலவிலிருந்து எடுத்து உயர்த்துவது என்பதை மட்டும் நான் சொல்வதில்லை. மாணவரே உட்கார்ந்து யோசித்து எழுதும்வரை காத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.