பிரிக்காத பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். பழைய வால்வு ரேடியோவைத் திருகியவுடன் பாட்டு வராது. உள்ளே இருக்கும் வால்வு என்ற கண்ணாடிக் குழாய் சூடேற வேண்டும், அதற்குள் உள்ளறையிலிருந்து "ரேடியோ போட்டாயா இல்லையா?" என்று குரல் வந்துவிடும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் அப்படிப்பட்ட ரேடியோக்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்தான் லியோ ஃபெண்டர். அவருடைய கம்பெனி செய்த கிதார் ஆம்ப்ளிஃபயர்களை, அதாவது கிதாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டிகளை, அறுபது ஆண்டு கழித்தும் தேடி அலைகிறார்கள். நானும் ரேடியோ மேசையில் கைபழகியவன் என்பதால், வாங்கும் முன் என்னிடம் யோசனை கேட்பவர்கள் உண்டு.

1963இல் வந்த 'டீலக்ஸ் ரிவெர்ப்' என்ற பெட்டியை எடுத்துக்கொள்வோம். 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. 22 வாட்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். சின்ன மண்டபத்துக்கு அது தாராளம். வால்யூமைக் கூட்டக் கூட்ட ஒலி மெல்லக் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்குத்தான் இத்தனை காசு. டிரான்சிஸ்டர் தன் எல்லையைத் தொட்டதும் ஒலியைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. கறுப்பாக இருந்த முகப்பு 1968 வாக்கில் வெள்ளி நிறமானது. கறுப்புக்கு ஒரு விலை, வெள்ளிக்கு ஒரு விலை. தொடக்க கால வெள்ளிப் பெட்டியின் சர்க்யூட் ஏறக்குறைய பழையதேதான். முகப்பின் நிறத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்பது என் கட்சி.

விற்பவர் சொல்லும் ஆண்டைவிட டிரான்ஸ்ஃபார்மரில் பொறித்த எண்ணை நம்பலாம். 606423 என்றிருந்தால், 606 அதைச் செய்த ஷூமாக்கர் கம்பெனி, 4 ஆண்டின் கடைசி இலக்கம், 23 வாரம். அது 1964ஆ 1974ஆ என்பதை முகப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பீக்கரிலும் இதே கணக்குதான். 220 என்று தொடங்கினால் ஜென்சன் கம்பெனி, 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு கம்பெனி. டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பல ஆண்டு இடைவெளி இருந்தால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது.

"பிரிக்கவே இல்லை சார், வந்தபடியே இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டால்தான் பயம். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கிகள் (கெபாசிட்டர்) உள்ளே வறண்டு போயிருக்கும்; 'ம்ம்' என்ற இரைச்சல் அதனால் வருவது. 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டி அது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் உள்ளே விரல் வைக்கக் கூடாது.

அதைவிட மோசம், அந்தக் காலத்து இரண்டு பின் வயர். எர்த் கிடையாது. மின் இணைப்புக்கும் பெட்டியின் உலோகத் தகட்டுக்கும் நடுவே ஒரு சிறு மின்தேக்கி மட்டும் இருக்கும். அது கெட்டால் கிதார் கம்பி வரை மின்சாரம் ஏறும். ஒத்திகை ஒன்றில் கிதாரைப் பிடித்தபடி மைக்கை நெருங்கிய பையனின் உதட்டில் பொறி தெறித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் பிழைத்தான், பாட்டு அன்றைக்கு நடக்கவில்லை. பழக்கமுள்ளவரிடம் கொடுத்து வயரை மூன்று பின்னாக்கி, அந்த மின்தேக்கியைக் கழற்றி எறியச் சொல்லுங்கள். 'ஒரிஜினல்' போய்விட்டதே என்று விலையைக் குறைப்பவரிடம் விற்காதீர்கள், அவ்வளவுதான்.

நேரில் பார்க்கும்போது வால்வுகளைப் பென்சிலால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணியடித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும். அது பெரிய விஷயமில்லை. ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் வால்வு செய்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் தீய்ந்த வாடை அடித்தால் மட்டும் விலையைப் பற்றி மறுபடி பேசுங்கள்.

அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே 230. நடுவில் மின்னழுத்தத்தை இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அவசியம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதனால் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகவே சூடாகும். தொட்டுப் பார்த்துப் பதறி, இரவு பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் இதுவரை இரண்டு பேர்.