கோல்ஃப் டிசைன் ஆபீஸில் நாள் முழுக்க விளையாட்டா? ஏர்வாடித் தம்பிக்குப் பதில்

இந்தக் கேள்வி ஏர்வாடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. "அண்ணே, கோல்ஃப் மைதானம் டிசைன் பண்ணுற கம்பெனியில இருக்கேன்னு சொல்றீங்க. சம்பளமும் வாங்கிக்கிட்டு நாள் முழுக்க விளையாடுவீங்களா? நான் சிவில் டிப்ளமோ. அந்த வேலைக்கு வர விளையாடத் தெரியணுமா? நம்ம கடற்கரை மணல்ல ஒரு மைதானம் போட முடியாதா?" ஒரே மூச்சில் மூன்று கேள்வி. பின்னால் உய்யென்று கேட்பது கச்சான் காற்று. ஊரில் உட்கார்ந்து பேசினால் மைக்கை எந்த மூலையில் வைத்தாலும் அது வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். விளையாடுவோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆபீஸ் கார்ப்பெட்டில் ஒரு டம்ளரைப் படுக்கவைத்து, அதற்குள் பந்தை உருட்டுவது வழக்கம். தோற்றவர் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். டீ வாங்குவது பெரும்பாலும் முதலாளிதான், அவருக்குக் கை நடுங்கும். அப்புறம், புதிதாக முடித்த மைதானத்தைத் திறப்பதற்கு முன் நாங்களே இறங்கி ஆடிப் பார்ப்போம். அது வெளியிலிருந்து பார்க்கத்தான் விளையாட்டு. ஸ்கோர் எழுத மாட்டோம், பந்து எங்கே போய் நிற்கிறது என்று எழுதுவோம். நன்றாக அடிப்பவர், சுமாராக அடிப்பவர், அன்றைக்குத்தான் மட்டையைத் தொட்டவர் என்று மூன்று விதமான ஆட்களும் வேண்டும். மூன்று பேர் பந்தும் உருண்டு ஒரே பள்ளத்தில் சேர்ந்தால் அந்த இடம் கெட்டது என்று அர்த்தம். ஊரே அங்கே நின்று அடிக்கும், ஒரு மாதத்தில் புல் பிய்ந்து மண் தெரியும். பந்து சேரும் இடத்தில் மழைத் தண்ணீரும் சேரும், அது இன்னும் மோசம்.

நன்றாக ஆடத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அமெரிக்காவில் அகஸ்டா நேஷனல் என்று பெயர்பெற்ற மைதானம் இருக்கிறது, 1933-இல் திறந்தது. பாபி ஜோன்ஸ் என்ற கோல்ஃப் வீரரோடு சேர்ந்து அதை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கென்சி ஒரு டாக்டர். ஆட்டத்தில் பெரிய ஆள் என்று அவரை யாரும் சொன்னதில்லை. தென்னாப்பிரிக்காவில் போயர் போருக்குப் போன இடத்தில், எதிரிகள் பதுங்குகுழியை நிலத்தோடு நிலமாக மறைத்து வெட்டியிருந்ததைக் கவனித்து வந்து, அந்த வித்தையைத்தான், பந்தைச் சிக்கவைக்க மைதானத்தில் வெட்டும் மணல் குழிகளில் காட்டினார். ஆடத் தெரியாவிட்டாலும் நிலத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இனி வேலை. ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மொத்தம் 18 குழி, ஒவ்வொன்றும் நாலேகால் அங்குல அகலம்தான், அதில் பந்தைப் போட வேண்டும். குழி இருக்கும் மழமழவென்ற புல்தரைக்கு கிரீன் என்று பெயர். எங்களுக்கு முதலில் வருவது சர்வே படம். அதை விரித்துவைத்து 18 குழிக்கும் பாதை போடுவோம். முதல் குழிக்கான பாதை நேர் கிழக்கே பார்க்கக் கூடாது, காலையில் ஆடுகிறவருக்குக் கண் கூசும். கடைசிக் குழிக்கான பாதை நேர் மேற்கே பார்க்கக் கூடாது. காற்று எந்த மாதம் எங்கிருந்து அடிக்கும் என்று பார்க்க வேண்டும். கச்சானும் வாடையும் தெரிந்த நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. எங்கே வெட்டி எங்கே நிரப்புவது என்ற மண் கணக்கு அடுத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் தண்ணீர்தான் தம்பி. என் வேலை நேரத்தில் பெரும்பகுதி தண்ணீர் எப்படி வரும், எப்படிப் போகும் என்பதிலேயே கழிகிறது. ஒரு கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம், ஆறாயிரம் சதுர அடி இருக்கும், மேலே புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டியிருப்பார்கள். அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? அமெரிக்க கோல்ஃப் சங்கம் வகுத்த முறைப்படி, தரையை அடித்து இறுக்கி, அதில் வாய்க்கால் வெட்டி, 4 அங்குலக் குழாய்களை 15 அடிக்கு மிகாத இடைவெளியில் பதிக்க வேண்டும். அதன்மேல் 4 அங்குலம் சல்லி. அதன்மேல் 12 அங்குலம் சலித்த மணல் கலவை. புல் அந்த மணலில்தான் வேர்விடும். சல்லி எதற்கு என்றால், தண்ணீரை வடிக்க மட்டும் இல்லை, பிடித்துவைக்கவும்தான். பொடி மணலில் இருக்கும் ஈரம் கீழே பெருஞ்சல்லிக்குச் சட்டென்று இறங்காது, மணலின் அடிப்பகுதியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். வேர் அதைக் குடித்துக்கொள்ளும். மழை கொட்டி, மணல் தாங்க முடியாத அளவு நிறைந்த பிறகுதான் சல்லிக்குள் இறங்கிக் குழாய் வழியே ஓடும். மணல் கொஞ்சம் பருமனாக இருந்தாலோ, சல்லியில் மண் கலந்திருந்தாலோ கணக்கு கெட்டுப்போகும். அதனால் லாரி லாரியாக வரும் மணலில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். இதை யாரும் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட மாட்டார்கள்.

படம் வரைவதோடும் முடியாது. சைட்டில் புல்டோசர் ஓட்டும் ஷேப்பர் என்று ஒருவர் இருப்பார். காகிதத்தில் நாங்கள் போட்ட வளைவை மண்ணில் கொண்டுவருகிறவர் அவர்தான். நாங்கள் ஸ்பிரே பெயின்ட் டப்பாவோடு வெயிலில் நடந்து, மணல் குழியின் விளிம்பைத் தரையிலேயே கோடு போட்டுக் காட்டுவோம். அவர் பிளேடைத் தூக்கி, "இங்க கொஞ்சம் இறக்குனா நல்லா இருக்கும் சார்" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நில விவகாரத்திலோ பணத்திலோ பாதியில் நின்றுபோகும் வேலைகள் இந்தத் தொழிலில் நிறைய. மாதக்கணக்கில் வரைந்தது அலமாரியில் கிடக்கும். அதற்கு மனசு பழக வேண்டும்.

இப்போது நம் கடற்கரை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோல்ஃப் வளர்ந்ததே ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில்தான். உழவுக்கு உதவாத, ஆடு மேய்ந்த நிலம். செயின்ட் ஆண்ட்ரூஸில் 1764-இல் 18 குழி என்று ஆக்கினார்கள், அதையே பின்னால் உலகம் எடுத்துக்கொண்டது. வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கம் மணல்மேட்டைப் பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கும். புல்லும் பிரச்சினை இல்லை. வெப்ப நாட்டு மைதானங்களில் போடுவது நம் அருகம்புல் வகையும் அதன் கலப்பினங்களும்தான். உப்புத் தண்ணீருக்கு ஈடுகொடுக்கும் பாஸ்பலம் என்ற கடலோரப் புல்லும் இருக்கிறது.

தண்ணீருக்கு வாருங்கள். புல் போட்ட இடம் 75 ஏக்கர் என்று வைப்போம், இது சாதாரண அளவுதான். நம் வெயிலுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் போகும். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 15 லட்சம் லிட்டர் வரும், தினமும். கிராமத்தில் ஆளுக்கு 55 லிட்டர் என்ற அரசுக் கணக்கில், இது 27,000 பேருக்கான தண்ணீர். நம் பெண்கள் மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்புகிறார்களே, அந்த நல்ல தண்ணீர் கீழே இருக்கும் உப்புத் தண்ணீர்மேல் மெல்லிசாக மிதப்பது. போர் போட்டு மோட்டாரில் இழுத்தால் உப்பு மேலேறிவிடும், பிறகு ஊற்றும் இல்லை.

சட்டமும் விடாது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-இல் வந்தபோதே, அழகுபடுத்தவோ பொழுதுபோக்குக்கோ மணல்மேட்டை மாற்றக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். எங்கள் தொழிலை நினைத்துக்கொண்டே எழுதியது போல இருக்கும். என்னைக் கேட்டால் அது சரியான விதி. அந்த மேட்டைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைத்திருப்பது ராவணன் மீசையும் அடும்பும். அவற்றைச் சீவிவிட்டு, மன்னார் வளைகுடாப் பூங்காவின் பவளப்பாறைக்கு எதிரே உரம் போட்டுப் புல் வளர்ப்பதற்கு நான் படம் வரைய மாட்டேன்.

துபாயில் செய்யவில்லையா என்பீர்கள், நம் ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்து வந்தவர்கள். அங்கே 1988-இல் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் வந்த பிறகுதான் முழுப்புல் மைதானம். கடல்நீரைக் குடிநீராக்கும் அளவுக்குப் பணம் இருந்தது, செய்தார்கள். அதற்கு முன்பு அந்தப் பகுதியில் மணலிலேயே ஆடினார்கள். கையில் ஒரு துண்டுப் பாயைக் கொண்டுபோய், பந்தை அதன்மேல் வைத்து அடிப்பார்கள். கிரீனுக்குப் பதில் இறுக்கிய மணல், பிரவுன் என்று பெயர். நம் பக்கம் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், கடலை விட்டு உள்ளே தள்ளி, சீமைக்கருவேலம் மண்டிய நிலத்தில் 9 குழிக்கு இப்படி ஒன்று போடலாம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். பணக்காரர்கள் வர மாட்டார்கள், பிள்ளைகள் ஆடுவார்கள்.

கடைசியாக உங்கள் டிப்ளமோ. வரலாம், நானும் டிராஃப்ட்ஸ்மேனாக நுழைந்தவன்தான். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் எல்லாருக்கும் தெரியும், அதை வைத்து யாரும் எடுக்க மாட்டார்கள். மேலே படிக்க வசதி இருந்தால், பி.ஆர்க் முடித்து நிலத்தோற்ற வடிவமைப்பு படிப்பது ஒரு வழி. அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தோட்டக்கலை படித்துவிட்டுப் புல் பராமரிப்புக்குள் வருவது இன்னொரு வழி. இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு மூலையை எடுத்து, லெவல் கருவி வைத்து, கரை, மடை, கலுங்கு எல்லாம் வருகிற மாதிரி கால் மீட்டர் உயர இடைவெளியில் காண்டூர் படம், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைக் கோட்டால் இணைத்த படம், கையாலேயே போடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அம்புக்குறி இடுங்கள். மழை பெய்யும்போது குடையோடு போய், அம்புக்குறிப்படி ஓடுகிறதா என்று சரிபாருங்கள். இன்டர்வியூவுக்குச் சர்டிஃபிகேட்டோடு அந்தப் படத்தையும் சுருட்டி எடுத்துப்போங்கள்.