கண் சிமிட்டலும் காலை மாத்திரையும்

[திரையில்: தில்லியின் நவம்பர் காலை. புகைமூட்டத்துக்குள் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்.]

மயூர் விஹாரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் எட்டு வயதுப் பையனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமையும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு, இருப்பதாகக் கோடை விடுமுறைக்குப் பின் மருத்துவர் உறுதிசெய்தார். செப்டம்பரில் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை தொடங்கியது. வகுப்பில் எழுத வேண்டியதை முழுவதும் எழுதிய நோட்டு முதன்முறையாக வீட்டுக்கு வந்தது. தீபாவளி கழிந்த வாரத்தில் பையன் தொண்டையைச் செருமத் தொடங்கினான். ஊரே செருமிக்கொண்டிருக்கும் மாதம் என்பதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு கண்களை இறுக்கி இறுக்கிச் சிமிட்டினான். புகை எரிச்சலாக இருக்கும் என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கினார்கள். ஒரு தோள் வெட்டி வெட்டி உயரத் தொடங்கிய அன்றுதான் அம்மா மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தார். அதில், டிக் எனப்படும் திடீர் அசைவுகளும் ஒலிகளும் வரலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. மறுநாள் காலை மாத்திரை கொடுக்கவில்லை.

அந்த முடிவு சரியா என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அம்மாவின் அச்சம் நியாயமானது, ஆனால் அவர் அவசரப்பட்டுவிட்டார்.

[திரையில்: ஒரு சிறுவனின் கோட்டோவியம். கண், கழுத்து, தோள் ஆகியவை வரிசையாக ஒளிர்கின்றன.]

டிக் என்பது திடீரென்று, சட்டென்று, ஒரே மாதிரியாக, தாளகதி இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி. கண் சிமிட்டுதல், முகத்தைச் சுளித்தல், தலையை வெட்டுதல், தோளைக் குலுக்குதல் ஆகியவை அசைவு டிக்குகள். செருமல், மூக்கை உறிஞ்சுதல், உறுமல் ஆகியவை ஒலி டிக்குகள். இது வலிப்பு அல்ல. டிக் வரும்போது குழந்தைக்கு முழு நினைவு இருக்கும். கூப்பிட்டால் பதில் சொல்லும். சிறிது நேரம் அடக்கியும் வைத்துக்கொள்ளும். இதற்கு மாறாக, குழந்தை சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி இமை படபடக்க நின்று, கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு நடந்தது நினைவில்லை என்று சொன்னால், அது டிக்காக இல்லாமல் வேறொன்றாக இருக்கலாம். தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடக்கி வைத்துக்கொள்ள முடியும் என்பதே குழந்தைக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. பள்ளியில் ஆறு மணி நேரம் முடிந்தவரை அடக்கிக்கொண்டிருந்த பிள்ளை, வீட்டுக்குள் கால் வைத்ததும் அத்தனையையும் கொட்டிவிடுகிறது. அங்கே அடக்க முடிந்தவனுக்கு இங்கே முடியாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். தும்மலை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்று நம்மை நாமே கேட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சற்று வளர்ந்த பிள்ளைகளில் பலர், டிக் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு அரிப்பு அல்லது இறுக்கம் போல இருக்கும் என்றும், அசைத்த பிறகே அது தணியும் என்றும் சொல்வார்கள்.

மாத்திரையின் மேல் இந்தச் சந்தேகம் எப்படி வந்தது?

[திரையில்: 1885, 1974, 2002, 2015 என்ற ஆண்டுகள் ஒரே கோட்டில்.]

பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா துரெத் 1885-இல் இத்தகைய ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் பல அசைவு டிக்குகளும் குறைந்தது ஒரு ஒலி டிக்கும் சேர்ந்த நிலைக்கு அவர் பெயரால் டூரெட் நோய்க்குறி என்ற பெயர் நிலைத்தது. மெத்தில்ஃபெனிடேட் மூளையில் டோபமைன் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டுகிறது. டிக்கைக் குறைக்கும் சில மருந்துகளோ டோபமைனைத் தடுப்பவை. ஆகவே முன்னது டிக்கைத் தூண்டும் என்று எண்ணுவதில் தர்க்கம் இருந்தது. மெத்தில்ஃபெனிடேட் எடுத்த பின் டூரெட் தோன்றிய ஒரு சிறுவனைப் பற்றிய அறிக்கை 1974-இல் வந்தது. அதன்பின் மருந்துத் தாள்களில் எச்சரிக்கை ஏறியது. அம்மா படித்த வரியின் பூர்வீகம் அதுதான்.

ஆனால் ஒரு குழந்தைக்கு நடந்ததைச் சொல்வது ஒன்று, மாத்திரை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் அருகருகே வைத்து எண்ணுவது வேறொன்று. ஏடிஎச்டியும் டிக்கும் சேர்ந்தே இருந்த 136 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. டிக் மோசமானதாகப் பதிவானது மெத்தில்ஃபெனிடேட் மட்டும் எடுத்தவர்களில் 20 விழுக்காடு. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 22 விழுக்காடு. இதே போன்ற 22 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வில் ஏறத்தாழ 2,400 குழந்தைகள் இருந்தார்கள். டிக் புதிதாகத் தோன்றியதோ கூடியதோ, மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்து எடுத்தவர்களில் 5.7 விழுக்காடு, போலி மாத்திரை எடுத்தவர்களில் 6.5 விழுக்காடு. வெறும் மாவு மாத்திரை விழுங்கிய பிள்ளைகளுக்கும் அதே அளவில் டிக் வந்திருக்கிறது என்றால், மாத்திரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

[திரையில்: வயதுக் கோடு. 4 முதல் 6 வரை ஒரு நிறம், 10 முதல் 12 வரை அடர்நிறம், அதன்பின் வெளிறுகிறது.]

யோசித்தால் காரணம் புலப்படும். டிக் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதுக்குள் தலைகாட்டி, பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சத்தை அடைந்து, பதின்பருவத்தில் பலருக்குத் தணிந்துவிடுகிறது. ஏடிஎச்டி மாத்திரை தொடங்குவதோ, பள்ளியில் எழுத்து வேலை கூடும் ஆறு, ஏழு, எட்டு வயதில். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் நாம் நிற்கிறோம். போதாததற்கு, டூரெட் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்காவது ஏடிஎச்டியும் இருக்கிறது. அவர்களிடம் பெரும்பாலும் துறுதுறுப்பு முதலிலும் டிக் சில ஆண்டுகள் கழித்தும் தெரியவரும். அதாவது மாத்திரையே எடுக்காவிட்டாலும் அந்தத் தோள் இந்தக் குளிர்காலத்தில் குலுங்கியிருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிக் கடல் அலையைப் போல ஏறி இறங்கும் தன்மையது. மிக மோசமான வாரத்தில்தான் நாம் மாத்திரையை நிறுத்துவோம். அந்த அலை எப்படியும் இறங்கத்தான் போகிறது. இறங்கியதும், நிறுத்தியதால் நின்றது என்று வீடு முழுவதும் நம்பிவிடும். கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் பேசும் பாட்டி அதே வாரத்தில் திருஷ்டி சுற்றிப் போடச் சொல்லியிருந்தால் அந்தப் பெருமை திருஷ்டிக்குப் போகும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி நஸர், அதாவது கண்ணேறு, என்று மிளகாயைச் சுட்டிருந்தால் மிளகாய்க்குப் போகும்.

இதனால் எந்தக் குழந்தைக்குமே மாத்திரை டிக்கைக் கூட்டாது என்று சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன எண்கள் கூட்டத்தைப் பற்றியவை. உங்கள் மகன் ஒருவன். அதனால்தான் ஊகிப்பதைவிட எழுதி வைப்பது நல்லது.

[திரையில்: சாதாரண நாட்காட்டி. ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவால் சிறு குறிப்பு.]

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். என்ன டிக், அன்று எப்படி இருந்தது, மாத்திரை எத்தனை மணிக்கு, தூக்கம் எவ்வளவு, அன்று தேர்வோ விருந்தாளியோ காய்ச்சலோ உண்டா என்று ஒரு வரி எழுதினால் போதும். களைப்பும் பதற்றமும் மட்டுமல்ல, பிறந்தநாள் விழாவின் உற்சாகமும் டிக்கைக் கூட்டும். சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரம். மெதுவாகக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை. நான்கு மணி நேர மாத்திரையைக் காலை ஏழு மணிக்கு எடுத்த பையனுக்கு இரவு எட்டு மணிக்கே தோள் அதிகம் குலுங்குகிறது என்று நாலைந்து வாரக் குறிப்பு காட்டினால், அது மருத்துவருக்கு ஒரு முக்கியமான செய்தி. அளவைக் கூட்டிய மறுநாளிலிருந்தே கூடியது என்றால் அதுவும் செய்திதான். இதையெல்லாம் செய்யும்போது குழந்தையின் எதிரில் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். கவனித்தால் டிக் கூடும்.

குறிப்போடு போனால் மருத்துவருக்கு வழிகள் இருக்கின்றன: அப்படியே தொடர்ந்து கவனிப்பது, அளவைக் குறைப்பது, ஊக்கி வகையைச் சேராத ஏடிஎச்டி மருந்தான அட்டமாக்ஸெட்டினுக்கு மாற்றுவது, ஏடிஎச்டிக்கும் டிக்குக்கும் கொடுக்கப்படும் இரத்த அழுத்த மருந்தான குளோனிடினைச் சேர்ப்பது. குளோனிடினை மட்டும் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது; இரத்த அழுத்தம் திடீரென்று எகிறிவிடும். முடிவெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எது கண்ணுக்கு அதிகம் தெரிகிறது என்பதல்ல, எது பிள்ளையின் நாளை அதிகம் கெடுக்கிறது என்பதே. கண் சிமிட்டலால் அவனுக்கு வலியோ கேலியோ இல்லாதபோது, அதற்காகப் பாடத்தையும் நண்பர்களையும் திரும்பப் பறிகொடுக்க வைப்பது பெரும்பாலும் நஷ்ட வியாபாரம். கழுத்தை வெட்டி வெட்டி வலி வந்துவிட்டது, வகுப்பில் பிள்ளைகள் அதேபோல் செய்து காட்டுகிறார்கள் என்றால் டிக்குக்கே சிகிச்சை வேண்டும்.

[திரையில்: தோளைக் கீழிறக்கி, கையை உடலோடு மெல்ல அழுத்தும் சிறுவனின் ஓவியம்.]

அந்தச் சிகிச்சை எப்போதும் இன்னொரு மாத்திரையாக இருக்க வேண்டியதில்லை. டிக் வரப்போகும் உணர்வைக் குழந்தை கண்டுகொண்டு, அந்த நேரத்தில் எதிர்ச்செயல் ஒன்றைச் செய்யப் பழக்கும் நடத்தைப் பயிற்சி இருக்கிறது. தோள் எழும்பப் பார்த்தால் முழங்கையை விலாவோடு அழுத்திக்கொள்வது, செருமல் வந்தால் மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று. 126 பிள்ளைகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், பத்து வாரத்தில் இதைக் கற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தெளிவாக முன்னேறினார்கள். ஆதரவுப் பேச்சும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே. எய்ம்ஸ், தில்ஷாத் கார்டனில் உள்ள இபாஸ் (IHBAS) மனநல மருத்துவமனை போன்ற இடங்களின் மனநலப் பிரிவில் இதைப் பற்றி விசாரிக்கலாம். தமிழிலேயே முதலில் பேசிப் பார்க்க விரும்புவோர் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழைக்கலாம்.

பள்ளியில், நௌடங்கி (நாடகம்) செய்கிறான் என்ற சொல் காதில் விழுவதற்கு முன்பே வகுப்பாசிரியரைப் பார்த்துவிடுவது நல்லது. வேண்டுமென்று செய்வதில்லை, நிறுத்து என்று சொன்னால் கூடும், தேவைப்பட்டால் இரண்டு நிமிடம் வெளியே போய் வர அனுமதியுங்கள் என்ற மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வீட்டில் அப்பாவுக்கும் அதே தாளின் நகல் ஒன்று தேவைப்படலாம்.

மருத்துவரிடம் போகும் நாளில் இன்னொன்றையும் எடுத்துச் செல்லுங்கள். டிக் உள்ள பிள்ளை, புதிய அறையில் புதியவர் எதிரில் அரை மணி நேரம் ஒரு டிக்கும் இல்லாமல் உட்கார்ந்துவிடக்கூடும். ஆகவே முந்தைய வாரத்தில் பையன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவனிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காலண்டர் தாளோடு அதையும் மருத்துவரிடம் காட்டலாம்.