சிங்க் மாத்திரை: அட்டையில எந்த எண்ணைப் பார்க்கணும்?

[திரையில்: மாத்திரை அட்டையின் பின்பக்கம், எழுத்து தெரியும் அளவுக்கு நெருக்கத்தில்]

இந்த அட்டையைப் பாருங்க. "சிங்க் சல்பேட் 220 மி.கி."ன்னு போட்டிருக்கு. 220 மி.கி.யும் சிங்க் இல்லைங்க. சல்பேட், நீர் எல்லாம் சேர்ந்த உப்போட எடை அது. அதுல சிங்க் மட்டும்னு பிரிச்சா சுமார் 50 மி.கி.தான் தேறும். பொடி எழுத்துல "எலிமென்டல் சிங்க்"னு ஒரு வரி இருக்கும். நமக்கு வேண்டிய எண் அதுதான்.

[திரையில்: அருகருகே இரண்டு அட்டைகள், இரண்டிலும் "50"]

இப்போ இந்த ரெண்டு அட்டை. ஒண்ணுல 50 மி.கி. எலிமென்டல் சிங்க். இன்னொண்ணுல 50 மி.கி. சிங்க் குளுக்கோனேட். ரெண்டாவதுல இருக்கிற சிங்க் வெறும் 7 மி.கி. ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம்! அந்த வரியே இல்லாத அட்டையா இருந்தா மருந்தாளுநர்கிட்ட கேட்காம வாங்காதீங்க.

சரி, எவ்வளவு வேணும்? அமெரிக்கப் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 11 மி.கி., பெண்களுக்கு 8, கர்ப்பிணிகளுக்கு 11, பால் கொடுக்கிற அம்மாக்களுக்கு 12. இதுல பெரும்பங்கு சாப்பாட்டுலயே கிடைச்சிடும். பெரியவங்களுக்கு மேல்வரம்பு 40 மி.கி., ஐரோப்பாவுல இன்னும் கறாரா 25. சாப்பாடு, மாத்திரை, மல்டிவைட்டமின் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

[திரையில்: குடல் சுவர் செல்லின் படம்]

வரம்பைத் தாண்டினா என்ன ஆகும்? அடிபடுறது தாமிரம். சிங்க் அதிகமாப் போனா குடல் செல்கள் மெட்டலோதயோனின்ங்கிற புரதத்தை நிறைய உண்டாக்கும். அந்தப் புரதம் சிங்க்கை விடத் தாமிரத்தைத்தான் இறுக்கிப் பிடிச்சுக்கும். சில நாள்ல அந்தச் செல் உதிரும்போது தாமிரமும் மலத்தோட வெளியே போயிடும். உடம்புல தாமிரம் தேங்குற வில்சன் நோய்க்குச் சிங்க்கையே மருந்தாக் கொடுக்கிறதும் இதனாலதான். ஆனா அந்த நோய் இல்லாதவர் தினமும் 50 மி.கி.க்கு மேல மாசக்கணக்கா எடுத்தா ரத்தசோகை வரலாம், வெள்ளையணு குறையலாம், கால் மரத்துப் போகலாம், நடை தடுமாறலாம். ரத்தசோகைன்னதும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேடுவோம். தாமிரக் குறையால வந்த ரத்தசோகைக்கு அது உதவாது. மருத்துவர்கிட்ட சிங்க் எடுக்கிற விஷயத்தை மறக்காம சொல்லுங்க. நரம்புப் பாதிப்பு முழுசாச் சரியாகாமலே போகலாம், அதனால தாமதிக்கக் கூடாது.

எப்போ சாப்பிடுறது? வெறும் வயித்துல நல்லா உறிஞ்சும், ஆனா பலருக்குக் குமட்டும். குமட்டினா சாப்பாட்டோட எடுங்க. முழுத்தானியம், பருப்புல இயற்கையாவே இருக்கிற ஃபைட்டேட்ங்கிற பொருள் சிங்க்கைக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும். பரவாயில்லை, வாந்தியில போறதுக்கு இது மேல். இரும்புச்சத்து மாத்திரையை வேற வேளைக்கு மாத்துங்க.

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எடுக்கிறவங்க கூடுதல் கவனமா இருக்கணும். சிங்க் அந்த மருந்தோட குடல்லயே ஒட்டிக்கிட்டு ரெண்டையும் உறிஞ்ச விடாது. தொற்று குணமாகாமப் போகலாம். ஆன்டிபயாட்டிக்கை சிங்க்குக்கு 2 மணி நேரம் முன்னாடியோ, 4 முதல் 6 மணி நேரம் கழிச்சோ எடுங்க.

மூக்குல விடுற சிங்க் மருந்து வேண்டவே வேண்டாம். மோப்ப சக்தியே போயிடலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-ல எச்சரிச்சிருக்கு.

[திரையில்: ஒரு ஸ்பூன் தண்ணீரில் மாத்திரை கரைகிறது]

கடைசியா, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இங்க சிங்க் உயிர் காக்கிற மருந்து. 6 மாசத்துக்கு மேல தினமும் 20 மி.கி., அதுக்குக் கீழ 10 மி.கி., அதாவது பாதி மாத்திரை. இது உலக சுகாதார நிறுவனம் 2004-ல சொன்ன அளவு; இப்போ எவ்வளவு கொடுக்கணும்னு மருத்துவர்கிட்ட கேட்டுக்கோங்க. கரையுற மாத்திரையை ஒரு ஸ்பூன் சுத்தமான தண்ணியிலயோ தாய்ப்பால்லயோ போட்டா இப்படி உடைஞ்சு கலங்கிடும், உடனே புகட்டிடுங்க. கூடவே ஓஆர்எஸ் கரைசலும் கொடுத்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு நாள்ல பேதி நின்னுட்டாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க. மருத்துவர் சொன்ன 10 முதல் 14 நாள் கணக்கை முழுசா முடிச்சிடணும்.